நேரும் நேர்மையும்

பாலக்காட்டு மாவட்டத்தில் பாரதப்புழையை ஒட்டிய பகவதி காவுகளில், அறுவடை முடிந்த கோடை இரவுகளில் தோல்பாவைக் கூத்து நடைபெறுவதை நம்மில் பலர் அறிவோம். கோயிலை நோக்கி அதற்கென்றே கட்டப்பட்ட கூத்துமாடம். அதன் குறுக்கே நீண்ட திரை. திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து வரிசையாக ஏற்றிய 21 விளக்குகள். மான்தோலில் செதுக்கிய பாவைகள் அவ்வொளியில் நிழலாய் எழுந்து நடமாட, புலவர் எனப்படும் கூத்தர்கள் கம்பனின் பாடல்களைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் விரவிய நடையில் பொருள் விரிப்பார்கள். சில காவுகளில் 7 இரவு, சிலவற்றில் 14, சிலவற்றில் 21 என்று கதை நீளும். 41 நாள், 71 நாள் நடத்தும் வழக்கமும் உண்டு.

ஓராண்டு அக்கூத்தைக் காண நாமும் போயிருந்தோம். நள்ளிரவு கடந்ததும் கடலை விற்றவர் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். திரைக்கு முன்னே எஞ்சியவர் நால்வர். அவருள் இருவர் உறக்கத்தில். மாடத்தின் பின்புறம் சென்று எட்டிப் பார்த்தோம். பாவையைப் பிடித்திருந்த முதியவர், நிழலின் ஓரம் சற்று மங்கியது கண்டு, பாவையை விரற்கடை அளவு திரையை நோக்கி நகர்த்தினார். ஓரம் கூர்மையாயிற்று. அவர் முகத்தில் ஒரு நிறைவு தோன்றியது. பிறகு அடுத்த பாடலைத் தொடங்கினார்.

யார் பார்க்கிறார்கள் என்று அந்த விரற்கடைத் திருத்தம்? அன்று தொடங்கி நம் உள்ளத்தை விட்டு அகலாத வினா இது. காண்போர் இல்லாதவிடத்தும் வடிவத்துக்கு ஒழுங்கு வேண்டுமா? ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கோலத்துக்கும் பொதுவான அடிப்படை விதிகள் என்று சில சொல்லப்படுகின்றனவே, அவை கண்ணுக்கு இனிமை தரும் உத்திகள் மட்டுமா? அன்றி, அவற்றுக்கும் அறத்துக்கும் ஏதேனும் உறவு உண்டா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் காட்டும் வழி

வினாவுக்கு விடை தேடுமுன் நம் மொழியையே ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். வளையாத கோட்டை 'நேர்' என்கிறோம். வஞ்சமில்லாப் பண்பை 'நேர்மை' என்கிறோம். பொருள்களை வரிசைபட வைப்பது 'ஒழுங்கு'. மனிதன் தன் வாழ்வை வரிசைபட நடத்துவது 'ஒழுக்கம்'. இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் நிலை 'நடுவுநிலை'. அதையே வள்ளுவர் ஓர் அதிகாரத்தின் பெயராக்கி, சான்றோர்க்கு அணியாகப் போற்றினார். நல்லாட்சி செங்கோல், தீய ஆட்சி கொடுங்கோல். ஒரு கோலின் வடிவத்தைக் கொண்டு ஓர் அரசின் அறத்தை அளந்தவர்கள் நம் முன்னோர்.

பிற மொழிகளிலும் இத்தகைய சொற்கள் இருக்கலாம். ஆயினும் தமிழில் இவ்வுறவு இவ்வளவு வெளிப்படையாக நிற்பது எண்ணத்தக்கது. அறத்தைக் குறிக்க நமக்குச் சொல் வேண்டியிருந்தபோது, கண்ணால் கண்ட வடிவத்திடமே கடன் வாங்கியிருக்கிறோம்.

'எழுத்து' என்னும் சொல்லையும் பாருங்கள். இன்று அது எழுதப்படும் அரிச்சுவடி எழுத்தை மட்டும் குறிக்கிறது. பண்டு அது ஓவியத்தையும் குறித்தது, ஓவியம் 'எழுதப்பட்டது', கண்ணுக்கு மையும் 'எழுதப்பட்டது'. அப்பழம்பொருள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கேரளத்துக் காவுகளில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைவதற்குக் 'களமெழுத்து' என்றே பெயர். இடுக்கி மாவட்டத்து மறையூரில், சந்தன மரங்கள் நிறைந்த மலைப்பகுதியில், பழங்கால மக்கள் பாறையில் தீட்டிய உருவங்கள் உள்ள குகை ஒன்றை 'எழுத்தளை' என்று வழங்குகிறார்கள். அளை என்பது குகை. அங்கே ஓர் எழுத்தும் இல்லை; இருப்பன சிவப்பு மண்ணால் தீட்டிய விலங்குகளும் மனித உருவங்களும். ஆயினும் மக்கள் வாக்கில் அது எழுத்தே. அலுவலகத்தில் 'எழுத்தர்' என்னும் பெயரோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு, அப்பாறையில் மான் தீட்டியவனும் ஒருவகையில் முன்னோனே என்று எண்ணும்போது ஒரு பெருமிதம் எழுகிறது. அப்பெருமிதத்துக்கு நாம் தகுதி உடையோமா என்பது வேறு செய்தி. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

வடிவத்தின் விதிகள்

காட்சிக் கலையின் விதிகளைப் பலர் பலவாறு தொகுத்திருக்கின்றனர். காமசூத்திரத்துக்கு ஜெயமங்களா என்னும் உரை வகுத்த யசோதரர், ஓவியத்துக்கு ஆறு உறுப்புகள் கூறினார்: உருவ வேறுபாடு, அளவு, மெய்ப்பாடு, எழில் சேர்த்தல், ஒப்புமை, வண்ணப் பாகுபாடு. ஐரோப்பாவில் 1919-இல் வைமர் நகரில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி, மாணவன் எக்கலையைக் கற்க வந்தாலும் முதலில் வடிவம், வண்ணம், பொருள் ஆகியவற்றின் அடிப்படைகளைக் கற்கவேண்டும் என்று வகுத்தது. நாம் அவற்றையெல்லாம் விரிக்கப் புகவில்லை. நம் வாயிலிலும் நம் காவிலும் காணக்கிடைப்பவற்றைக் கொண்டு சிலவற்றை மட்டும் நோக்குவோம்.

முதலாவது சமநிலை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளிலும் கல்பாத்தி அக்கிரகாரத்திலும் விடியற்காலையில் வாயில் தெளித்து இடும் புள்ளிக் கோலத்தில் இதைக் காணலாம். நடுப்புள்ளியிலிருந்து நாற்புறமும் ஒரே எடையோடு கோலம் விரிகிறது. சிக்குக் கோலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைகிறது. எந்தப் புள்ளியையும் தொடுவதில்லை. எந்தப் புள்ளியையும் விட்டுவிடுவதும் இல்லை. இறுதியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. நேர் என்பதற்கு வளையாமை என்று மட்டும் பொருள் கொள்வோர் இதைக் கருதவேண்டும். வளைவு வேறு, கோணல் வேறு. விதியோடு வளைவது வளைவு. விதி தவறி வளைவது கோணல். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தைக் கணித இலக்கணமாக எழுதிக் காட்டினர். நம் அன்னையர் விரல்நுனியில் இருந்தது ஓர் இலக்கணம் என்பது அறிவியல் உலகுக்கும் தெரியவந்தது.

இரண்டாவது முரண். ஒளியின்றி நிழல் இல்லை. நிழலின்றி உருவம் இல்லை. கூத்துமாடத் திரையின் மேற்பகுதி வெண்துணி, கீழ்ப்பகுதி கருந்துணி. பாவையின் தோலில் நுண்ணுளியால் துளைத்த துளைகளின் வழியே விளக்கொளி கசிந்து, கரிய உருவத்தின்மேல் அணிகலனாகவும் ஆடையாகவும் மின்னுகிறது. இவ்விடத்தில் சிற்பி எதையும் சேர்க்கவில்லை, நீக்குகிறான். நீக்கிய இடமே நகையாகிறது. அணி என்பது கூட்டுவதில் மட்டும் இல்லை, குறைப்பதிலும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது தாளம். மறையூரிலும் காந்தளூரிலும் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களைப் பார்ப்பவர்க்கு, ஒன்றே திரும்பத் திரும்ப வருவதில் உள்ள இன்பம் விளங்கும். ஒரு படி மற்றொரு படியைப் போன்றே இருக்கிறது, ஆயினும் அதே அன்று. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதியில், சிலை செய்யக் கற்க விரும்பிய வச்சிரன் என்னும் மன்னனுக்கு, ஓவியம் அறியாமல் சிற்பம் அறிய முடியாது, ஆடல் அறியாமல் ஓவியம் அறிய முடியாது, ஆடலுக்கு இசையறிவும் வேண்டும் என்று மார்க்கண்டேயர் படிப்படியாக உணர்த்துகிறார். கண்ணுக்கும் செவிக்கும் தாளம் ஒன்றே என்பது அதன் உட்பொருள்.

நான்காவது முதன்மை. களமெழுத்தில் அரிசிமாவின் வெண்மை, உமிக்கரியின் கருமை, மஞ்சள், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த செம்மை, பச்சிலைப் பொடியின் பசுமை என ஐந்தே வண்ணங்கள். உருவம் எவ்வளவு பெரிதாயினும், ஆயுதங்கள் எத்தனையாயினும், பார்ப்பவர் கண் முதலில் சென்று நிற்பது தெய்வத்தின் முகத்திலேதான். எல்லாவற்றையும் உரக்கச் சொன்னால் எதுவும் கேட்காது. எதை முன்னிறுத்துவது, எதைப் பின்னிறுத்துவது என்று தீர்மானிப்பதே முதன்மை.

ஐந்தாவது இடைவெளி. எழுத்தளையில் விலங்கைத் தீட்டியவனுக்கு முன்னே பெரும்பாறை கிடந்தது. அவன் அதை முழுதும் நிரப்பவில்லை. வெறும்பாறை சூழ நிற்பதாலேயே உருவம் தனித்துத் தெரிகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் 'புனையா ஓவியம்' என்று சங்கப் புலவர் வழங்கினர். புனையாமையையும் ஒரு சிறப்பாகக் கண்ட கண் அது.

விதி எங்கே இருக்கிறது?

இவ்விதிகள் எங்கே உறைகின்றன? கோலத்தின் புள்ளிகளிலா? பாறையிலா? 1923-இல் ஜெர்மானிய உளநூலறிஞர் மாக்ஸ் வெர்தைமர், வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டே ஓர் உண்மையை விளக்கினார். அருகருகே உள்ள புள்ளிகளைக் கண் ஒரு கூட்டமாகவே காண்கிறது. ஒத்தவற்றை ஓரினமாகச் சேர்க்கிறது. முற்றுப்பெறாத வடிவத்தைத் தானே நிறைவு செய்துகொள்கிறது. புள்ளிகள் தாமாகக் கூட்டம் கூடவில்லை. கூட்டுவது காண்பவனின் உள்ளமே.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பிறக்கிறது. வடிவத்தின் விதி வடிவத்தில் மட்டும் இல்லை. காண்பவனின் கண்ணிலும் இருக்கிறது. அங்ஙனமாயின், விதியைப் பேணி ஒன்றைச் செய்கிறவன் எதைப் பேணுகிறான்? தன் முன்னே இல்லாத இன்னொருவரின் கண்ணைப் பேணுகிறான். அவர் எங்கே தடுமாறுவார், எதை முதலில் தேடுவார், எங்கே களைப்பார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறான். பிறர்பொருட்டு எண்ணிப் பார்ப்பதற்கு அறம் என்பதன்றி வேறு பெயர் உண்டோ?

இங்கே ஒரு தடை எழும். வஞ்சகனும் இவ்விதிகளை அறிவானே! பொய்ச் சரக்கை விற்பவனின் விளம்பரத்தில் சமநிலையும் முரணும் முதன்மையும் எவ்வளவு திறமையாக அமைகின்றன! பெரிய எழுத்தில் ஆசை. சிறிய எழுத்தில் நிபந்தனை. அவனும் பிறர் கண்ணை எண்ணியே செய்கிறான். அப்படியாயின் விதி அறிவது அறமாகுமா?

தடை நியாயமானதே. விதி அறிவது அறமன்று. அது கருவி மட்டுமே. உளி சிற்பியின் கையிலும் இருக்கும், கள்வன் கையிலும் இருக்கும். வேறுபாடு எங்கே? வஞ்சகன் பிறர் கண்ணை எண்ணுவது அதைப் பிடித்து வைப்பதற்கு. நல்லோன் எண்ணுவது அதற்கு வழிகாட்டுவதற்கு. இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் ஒருவனும் உண்டு. அவன் யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை. ஆனால் தன் கைத்திறனைத் தானே கண்டு மகிழ்வதில் பிறர் கண்ணை மறந்துவிடுகிறான். அவனைப் பற்றி நாம் சொல்லவேண்டும். ஏனெனில் அவனை நாம் நன்கு அறிவோம்.

ஓர் அறிவிப்பின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பைத் தயாரிக்கும் பணி நம்மிடம் வந்தது. மலையாளத்திலும் தமிழிலும் ஒரே தாளில் அமைய வேண்டும். மலைத்தோட்டங்களிலிருந்து வருவோர் பார்ப்பதற்காக அதை வாயிற்பலகையில் ஒட்டுவார்கள். நமக்குக் கோலமும் ஓவியமும் என்றால் ஆர்வம் என்பது உடன் பணியாற்றுவோர் அறிந்ததே. கணிப்பொறியின் முன் அரைநாள் அமர்ந்தோம். தாளைச் சுற்றிலும் கொடியும் பூவுமாக ஒரு கரை அமைத்தோம். தலைப்பை வளைவெழுத்தில் இட்டோம். இரு மொழிகளும் இரு பக்கமும் சம எடையோடு நின்றன. கரை எடுத்துக்கொண்ட இடத்தால் உள்ளே நெருக்கடி உண்டாயிற்று. ஆதலின் கடைசி வரிகளைச் சற்றுச் சிறிய எழுத்தாக்கினோம். விண்ணப்பத்தின் இறுதி நாள் அக்கடைசி வரிகளில் இருந்தது.

அதிகாரி பாராட்டினார். நண்பர்கள் பாராட்டினர். நாமும் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

இறுதி நாள் கழிந்து நான்காம் நாள், தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், இடுக்கி மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் பேத்தியின் சான்றிதழ்களோடு வந்து நின்றார். தாயில்லாப் பேத்தி, பள்ளிப் படிப்பு முடியும் தறுவாய். முந்திய வாரமே வந்து பலகையைப் பார்த்துச் சென்றிருக்கிறார்கள். பேத்தி உரக்கப் படித்துச் சொல்ல, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் திரட்டி வந்திருக்கிறார். நாள் கடந்துவிட்டது என்று சொன்னோம். அவர் சினக்கவில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் அழகாத்தான் இருந்துச்சுங்கய்யா. பேத்திகூடச் சொன்னா. தேதிதான் கண்ணுல படல" என்றார்.

அவ்வாண்டு உதவித்தொகை அப்பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. விதியைத் தளர்த்தும் அதிகாரம் நமக்கு இல்லை. கேட்டுப் பார்த்தோம், மேலிடத்திலும் இயலவில்லை. அம்மூதாட்டி சான்றிதழ்களை மீண்டும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.

நாம் பொய் எழுதவில்லை. இறுதி நாளை மறைக்கவும் இல்லை. அது தாளில் இருந்தது. யாரும் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அன்று மாலை பலகையின் முன் நின்று, அவர் நின்ற இடத்திலிருந்து, அவருடைய கண்ணால் அத்தாளைப் பார்க்க முயன்றபோது, நாம் கற்ற விதிகள் ஒவ்வொன்றும் நம்மைக் கேள்வி கேட்டன. சமநிலை இருந்தது, முதன்மை எங்கே? அணி இருந்தது, இடைவெளி எங்கே? ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்பு நின்ற இடத்தை நம் பூங்கொடி பிடித்துக்கொண்டிருந்தது. முதன்மை என்பது கலைவிதி மட்டுமன்று, நீதி என்று அன்றுதான் விளங்கிற்று. எழுத்தளையில் தீட்டியவன் பாறையை நிரப்பாமல் விட்ட இடத்தை, நாம் நிரப்பிவிட்டோம்.

இல்லாதவர்க்காக

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். காண்போர் இல்லாதவிடத்து வடிவம் எதற்கு?

தோல்பாவைக் கூத்துக்கு ஒரு தோற்றக் கதை சொல்வார்கள். பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போர் புரிந்துகொண்டிருந்த அதே வேளையில் இராம இராவணப் போர் நடந்து முடிந்துவிட்டது. அவ்வரிய காட்சியைக் காணாமற் போனேனே என்று அவள் வருந்த, அவள் பொருட்டு அக்கதையை ஆண்டுதோறும் நிழலாக நிகழ்த்தும்படி சிவபெருமான் பணித்தார் என்பது அக்கதை. ஆதலின்தான் கூத்துமாடம் கோயிலை நோக்கி நிற்கிறது. ஆதலின்தான் மனிதர் எவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் காவின் எல்லைக்கு வெளியேயும் கொண்டு சென்றார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆயினும் இன்றும் பல இரவுகளில் திரைக்கு எதிரே இருப்பது மூடாத கோயில் வாயிலும் வெறுந்தரையுமே.

தெய்வ நம்பிக்கை உடையோர் இக்கதையைத் தெய்வக் கதையாகவே கொள்வர். அந்நம்பிக்கை இல்லாதவர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அந்தக் கூத்து யாருக்காக? நிகழ்ச்சி நடந்தபோது அங்கே இருக்க முடியாமற்போன ஒருத்திக்காக. வேலையின் காரணமாகக் காணாமற் போனவளுக்காக. உற்று நோக்கினால் எல்லாக் கலைப்படைப்பும் அத்தகையதே அன்றோ? கோலமிடும் பெண் தெரு விழிக்குமுன் எழுகிறாள். அவள் இடும்போது பார்ப்பவர் இல்லை. களம் எழுதுவோர் பல மணிநேரம் வரைந்த உருவம் சடங்கின் முடிவில் அழிக்கப்படும் என்று அறிந்தே வரைகிறார்கள். எழுத்தளையில் தீட்டியவன் நம்மைக் கண்டதில்லை. செய்யும் வேளையில் காண்பவர் எப்போதும் இல்லாதவரே. அவர் வருவார் என்றோ, வராமலும் போகலாம் என்றோ எண்ணி, வந்தால் அவர் கண் தடுமாறக்கூடாது என்று செய்வதுதான் விதியைப் பேணுதல்.

நள்ளிரவில் விரற்கடை அளவு பாவையை நகர்த்திய முதியவரை இப்போது விளங்கிக்கொள்கிறோம். உறங்கும் இருவருக்காக அவர் அதைச் செய்யவில்லை. நம் பாராட்டுக்காகவும் செய்யவில்லை. இல்லாத ஒருவரின் கண் அங்கே இருப்பதாகக் கொண்டு, அதற்கு மங்கலைத் தரலாகாது என்று செய்தார். நாம் பலகையில் ஒட்டிய தாளின் முன்னும் அத்தகைய கண் ஒன்று இருந்தது. நாமோ நம் கண்ணுக்காக மட்டுமே எழுதினோம்.

அன்று முதல் அலுவலகத்தில் எந்த அறிவிப்பு நம் கைக்கு வந்தாலும், முதலில் இறுதி நாளைப் பெரிய எழுத்தில், தனி வரியில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு இடுகிறோம். கரை இல்லை, கொடி இல்லை. இட்டபின் பலகையின் முன் பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறோம். யாரும் அதை அழகு என்று பாராட்டியதில்லை. ஆயினும் அதுவும் எழுத்தே. அதை எழுதுகிறவனுக்கு எழுத்தர் என்னும் பெயர் அப்போதுதான் பொருந்துகிறது.

நேர் என்பது கோட்டின் பண்பு. நேர்மை என்பது அக்கோட்டை இழுக்கும் கையின் பண்பு. முன்னது கண்ணுக்குத் தெரியும். பின்னது, பார்ப்பார் இல்லாத இடத்தில்தான் தெரியும்.